மார்ட்டின் பெக் நாவல்கள்: இவ்வளவு மெதுவான கதையை ஏன் இத்தனை பேர் விடாமல் படிக்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: "ஸ்காண்டிநேவியக் குற்றக் கதைகள் என்று பேச்செடுத்தாலே மார்ட்டின் பெக் வரிசையை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆசையாக 'ரோசான்னா'வை எடுத்தேன். அறுபது பக்கம் தாண்டியும் செத்துப்போனவளின் பெயர்கூடத் தெரியவில்லை. போலீஸ்காரர் சளியும் வயிற்று வலியுமாக அலைகிறார். அப்படி என்னதான் இருக்கிறது இதில்? பத்தையும் வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?"

பத்து நாவல்களையும் முழுதாக இரண்டு முறை படித்திருக்கிறேன், நான்காவதை மட்டும் நான்கு முறை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். யார் கொலையாளி என்பது இந்தப் பதிலில் எங்கும் வராது, பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் உங்கள் அலுப்பு. அறுபதாவது பக்கத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் கதையின் துப்பறியும் போலீஸ்காரரான மார்ட்டின் பெக்கும் நிற்கிறார். யோத்தா கால்வாய் சுவீடனின் குறுக்கே 190 கிலோமீட்டர் ஓடுகிறது. படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்க 58 நீர்ப்பூட்டுகள் அதில் இருக்கின்றன. மோட்டாலா ஊருக்குப் பக்கத்தில் போரென்ஷுல்ட் என்ற இடத்தில் அப்படி ஐந்து பூட்டுகள் அடுத்தடுத்து வரும். அங்கே ஜூலை 8ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு, தூர்வாரும் இயந்திரத்தின் வாளியில் ஒரு பெண்ணின் உடல் வருகிறது. உடம்பில் துணி இல்லை, நகை இல்லை. காணாமல் போனவர்கள் பட்டியலில் அவளைப் போல யாரும் இல்லை. யாரும் அவளைத் தேடவும் இல்லை. இது 1960களின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் கிடையாது, டி.என்.ஏ. சோதனை கிடையாது. கடிதம் எழுத வேண்டும், பதிலுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த உட்கார்ந்திருத்தலை இந்த நாவல் வெட்டி எறிவதில்லை. வேறொரு எழுத்தாளராக இருந்தால் "மூன்று வாரம் கழித்து" என்று ஒரு வரி போட்டுத் தாண்டியிருப்பார். இங்கே அந்த வாரங்களை நாமும் கழிக்கிறோம். பெக் மோட்டாலாவின் ஓட்டல் அறையில் படுத்திருப்பார், உள்ளூர் போலீஸ் அதிகாரி ஆல்பெரியோடு நடந்த இடத்துக்கே மறுபடியும் நடப்பார், ஸ்டாக்ஹோம் திரும்புவார், வேறு வேலை பார்ப்பார், இரவில் ஆல்பெரிக்குப் போன் போடுவார். ஏதாவது வந்ததா? ஒன்றும் வரவில்லை. ஒரு போலீஸ்காரனுக்கு வேண்டிய மூன்று குணம் தன்னிடம் இருப்பதாக அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு: பிடிவாதம், தர்க்கம், நிதானம். புத்திசாலித்தனம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு அமெரிக்காவிலிருந்து தகவல் வருகிறது. அவள் பெயர் ரோசான்னா மெக்ரா. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்தில் நூலகராக வேலை பார்த்தவள், தனியாகச் சுற்றுலா வந்தவள். பெயர் தெரிந்த அந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஒன்று நடக்கும். இத்தனை நாள் 'உடல்' என்று படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று ஓர் ஆள் ஆகிவிடுவாள். லிங்கனில் இருக்கும் காஃப்கா என்ற துப்பறிவாளர், அவளோடு பழகியவர்களை விசாரித்து, கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறார். அதைப் படிக்கப் படிக்க அவள் எப்படிச் சிரிப்பாள், யாரைச் சட்டை பண்ணமாட்டாள், எதற்குக் கோபப்படுவாள் என்றெல்லாம் தெரியவருகிறது. நாவலுக்குத் துப்பறிவாளரின் பெயரையோ குற்றத்தின் பெயரையோ வைக்காமல் செத்தவளின் பெயரை வைத்தார்கள். ஏன் என்பது அந்தப் பக்கங்களில்தான் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சியையும் சொல்லிவிடுகிறேன். அவள் பயணம் செய்தது 'டயானா' என்ற கால்வாய்க் கப்பல். (அந்தப் பெயரில் 1931இல் கட்டிய கப்பல் நிஜமாகவே அந்தக் கால்வாயில் ஓடுகிறது.) பயணிகளும் ஊழியர்களுமாக எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், பயணம் முடிந்து பல நாடுகளுக்குச் சிதறிவிட்டார்கள். எல்லோருக்கும் எழுதி, சுற்றுலாவில் எடுத்த போட்டோக்களைக் கேட்டு வாங்குகிறார்கள். ஒருவர் சின்னக் கேமராவில் சினிமாவாகவே எடுத்திருக்கிறார். இருட்டறையில் புரொஜெக்டர் ஓடுகிறது. கரை, மரங்கள், மதகு, யாரோ ஒருவரின் தொப்பி, மறுபடியும் கரை. சுற்றுலாப் படம் எப்படி இருக்குமோ அப்படியே அசட்டுத்தனமாக இருக்கிறது. திடீரென்று அவள் வருகிறாள். உயிரோடு, தளத்தில் நடமாடிக்கொண்டு, தன்னை யாரோ படம் பிடிப்பது தெரியாமல். மாதக்கணக்காக அவளையே நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் அவள் அசைவதை முதல் தடவையாகப் பார்க்கிறார். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, நாலு பேர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த பக்கங்கள் அவை. அதற்கு முன்னால் அத்தனை பக்கம் காத்திருக்காமல் இருந்தால் அந்தக் காட்சி வெறும் ஒரு தடயமாகப் போயிருக்கும்.

வாசகர்கள் இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு நான் கண்ட காரணம் இதுதான்: காலம் போவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் குற்றக் கதை வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு நாவலுக்குள் மட்டும் இல்லை, பத்து நாவல்களுக்கு நடுவிலும் அப்படித்தான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

நான் தொடங்கியது நான்காவது நாவலில். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது அது ஒன்றுதான். 'தி லாஃபிங் போலீஸ்மேன்', 1968இல் வந்தது. 1967 நவம்பர் 13, கொட்டும் மழை. வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் போனவர்களை அடக்க ஸ்டாக்ஹோம் போலீசில் பெரும்பகுதி அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் நிற்கிறது. பெக்கும் அவருடைய நண்பர் கோல்பெரியும் வீட்டில் உட்கார்ந்து செஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரவில் 47ஆம் எண் மாடிப் பேருந்து ஒன்று நூர்ரா ஸ்டேஷன்ஸ்காத்தானில் வேலியில் மோதி நிற்கிறது. உள்ளே ஓட்டுநரும் பயணிகளும் இயந்திரத் துப்பாக்கியால் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஓகே ஸ்டென்ஸ்ட்ரோம், பெக்கின் குழுவிலேயே வயதில் சின்னவன். கையில் துப்பாக்கியை எடுத்திருக்கிறான். அவன் ஏன் அந்தப் பேருந்தில் இருந்தான், யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது ஸ்டென்ஸ்ட்ரோம் யார் என்றே தெரியாது. "ஒரு போலீஸ்காரனும் செத்துவிட்டான்" என்று எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நாவல் பிரமாதமாக இருந்தது. ஆனால் பெக்கும் கோல்பெரியும் ஏன் இவ்வளவு உடைந்து போகிறார்கள் என்பது எனக்கு எட்டவில்லை. பிறகு 'ரோசான்னா' கிடைத்தது. அதில் ஸ்டென்ஸ்ட்ரோம் வருகிறான், துறுதுறுவென்று, ஒருவரைப் பின்தொடரச் சொன்னால் நாள் முழுக்கச் சலிக்காமல் பின்தொடர்கிறவனாக, பெரியவர்களின் கிண்டலுக்கு ஆளாகிக்கொண்டு. அவன் வரும் ஒவ்வொரு வரியிலும் எனக்கு அந்தப் பேருந்து ஞாபகம் வந்தது. அப்புறம் நான்காவதை மறுபடி எடுத்தபோது அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்று நாவல்களாகக் கூட இருந்தவன் போய்விட்டான் என்ற துக்கம் எனக்கு இரண்டாவது வாசிப்பில்தான் கிடைத்தது. உங்களுக்கு முதல் வாசிப்பிலேயே கிடைக்கட்டும். ஆமாம், வரிசையாகப் படியுங்கள்.

அவன் கதை அவனோடு முடியவும் இல்லை. அவனுக்கு நிச்சயமாகியிருந்த ஓசா டூரெல் என்ற பெண்ணைக் கோல்பெரியும் அவர் மனைவி குன்னும் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பின்னால் வரும் நாவல்களில் அந்தப் பெண்ணே போலீஸ் வேலைக்கு வந்திருப்பாள். முதல் நாவலின் குற்றவாளிகூட ஒன்பதாவது நாவலில் திரும்பி வருகிறார், ஆண்டுகள் கடந்தவராக. முதலை மறந்துவிட்டு ஒன்பதாவதைப் படித்தால் பாதி நாவல் கையில் கிடைக்காது.

இப்படி எழுத ஆரம்பத்திலிருந்தே திட்டம் இருந்தது. மாய் ஷோவால், பேர் வாலோ என்று எழுதியவர்கள் இருவர். இரண்டு பேரும் பத்திரிகையாளர்கள். 1960களின் தொடக்கத்தில் சந்தித்து, கல்யாணம் செய்துகொள்ளாமலே கடைசிவரை சேர்ந்து வாழ்ந்தார்கள். பத்து நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயம் வாக்கில், மொத்தம் முந்நூறு அத்தியாயத்தில் ஒரே பெரிய நாவல் என்பது கணக்கு. அந்த முழு நாவலுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் 'ஒரு குற்றத்தின் கதை'. 1965இல் 'ரோசான்னா', 1975இல் 'தி டெரரிஸ்ட்ஸ்'. நடுவில் 1973 ஒன்றைத் தவிர ஆண்டுக்கு ஒன்று வந்தது. குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு இரவில் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் அத்தியாயமாகக் கையால் எழுதுவார்களாம். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் தட்டச்சு செய்வாராம். எந்த அத்தியாயம் யார் கை என்று கண்டுபிடிக்க நான் முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை. ஒரே ஆள் எழுதியது மாதிரிதான் இருக்கிறது.

'ரோசான்னா' பிறந்த கதையை மாய் ஷோவால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இருவரும் அதே கால்வாயில் கப்பலில் போனார்கள். தளத்தில் ஓர் அமெரிக்கப் பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள், பேர் வாலோவின் பார்வை அவள் மேலேயே இருந்தது. அதைக் கவனித்த மாய், இவளைக் கொன்று புத்தகத்தைத் தொடங்கினால் என்ன என்று கேட்டாராம்.

இருவரும் தீவிர இடதுசாரிகள். மக்கள்நல அரசு என்று உலகமே புகழ்ந்த சுவீடனின் வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, குற்றக் கதையை ஓர் அறுவைக் கத்தியாக எடுத்துக்கொண்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னவர்கள். அவர்கள் தொடங்கிய 1965ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் சுவீடனில் அதுவரை உள்ளாட்சிகளின் கையில் இருந்த போலீஸ் முழுவதும் மத்திய அரசின் கைக்குப் போனது. அந்த மாற்றம் இந்தப் பத்து நாவல்களிலும் உள்நீரோட்டமாக ஓடுகிறது. தலைமையகம் பெரிதாகிறது, அதிகாரிகள் கூடுகிறார்கள், ஆயுதம் கூடுகிறது, தெருவில் நடக்கும் போலீஸ்காரனுக்கும் மக்களுக்கும் நடுவே தூரம் கூடுகிறது. கோல்பெரி இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வெந்து போகிறவர். பல வருடத்துக்கு முன்னால் தவறுதலாகச் சக போலீஸ்காரர் ஒருவரையே சுட்டுக் கொன்றதிலிருந்து துப்பாக்கி எடுத்துப்போக மறுப்பவர், நன்றாகச் சாப்பிடுவார், மனைவியை மனசார நேசிப்பார். இந்த வேலை இனி வேண்டாம் என்று அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். அது எந்த நாவலில் என்று சொல்ல மாட்டேன். நாவல்களை வரிசையாகப் படித்து வந்தவர்களுக்கு அந்தக் கடிதம் ஒரு கொலையைவிடப் பெரிய சம்பவம்.

அந்தக் குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெக் ரசிகர்கள் நிறுத்த மாட்டார்கள். நானும் அப்படித்தான். பெக் பாய்மரக் கப்பல் பொம்மைகள் செய்வார். சுரங்க ரயிலில் போனால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். வீட்டில் மனைவி இங்காவோடு பேச்சு வற்றிக்கொண்டே போகும். சண்டை கிடையாது, அதுதான் பயங்கரம். முதல் நாவலில் அந்த வீட்டுக் காட்சிகள் ஏதோ சும்மா வருகிற மாதிரி இருக்கும். ஐந்தாவது, ஆறாவது வரும்போதுதான் ஒரு கல்யாணம் எவ்வளவு மெதுவாக முடிந்துபோகிறது என்பதை இத்தனை வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம் என்று தெரியும். மெலாண்டர் ஒருமுறை படித்ததையோ கேட்டதையோ மறக்கவே மாட்டார். அவரிடம் எதையாவது கேட்கலாம் என்று போனால் அநேகமாகக் கழிப்பறையில் இருப்பார். ரோன் வடக்கே ஆர்யெப்லூக்காரர், மூக்கு எப்போதும் சிவந்திருக்கும், கெட்டிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கொடுத்த வேலையை முடிப்பார்.

அப்புறம் குன்வால்ட் லார்சன். முதலில் வரும்போது எனக்குப் பிடிக்கவே இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை, முன்னாள் கடற்படைக்காரர், முரடன், விலை உயர்ந்த சட்டை போட்டுக்கொண்டு எல்லோரையும் எடுத்தெறிந்து பேசுவார். ஐந்தாவது நாவலான 'தி ஃபயர் எஞ்சின் தட் டிஸப்பியர்ட்'டின் தொடக்கத்தில், உறைய வைக்கும் குளிரில் ஒரு பழைய மர வீட்டைக் கண்காணிக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறார். வீடு கண் முன்னாலேயே வெடித்துத் தீப்பிடிக்கிறது. தீயணைப்பு வண்டி வரும் வழியைக் காணோம். இவர் ஒற்றை ஆளாக எரிகிற வீட்டிலிருந்து ஒவ்வொருவராக இழுத்து, மேலேயிருந்து குதிப்பவர்களைப் பிடித்து, முடிந்தவரை காப்பாற்றுகிறார். அதைப் படித்த பிறகு அவர்மேல் வெறுப்பு நிற்காது. முரட்டுத்தனம் அப்படியேதான் இருக்கும். அதே நாவலில் ரோனின் சின்ன மகனுடைய தீயணைப்பு வண்டி பொம்மை ஒன்றும் காணாமல் போகிறது. வீட்டில் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். தலைப்பில் இருக்கும் வண்டி எது என்று யோசித்துக்கொண்டே படிக்கலாம்.

நகைச்சுவையும் உண்டு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆறாவது நாவலில் விக்டர் பால்ம்கிரேன் என்ற பெரும் தொழிலதிபர், மால்மோ நகரத்து ஹோட்டல் சவோயில் விருந்து மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு, தட்டில் இருந்த மசித்த உருளைக்கிழங்கில் முகம் புதைய விழுகிறார். ஆங்கிலத்தில் 'மர்டர் அட் தி சவோய்' என்று சாதாரணமாகப் பெயர் வைத்துவிட்டார்கள். சுவீடிஷ் மூலத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'போலீஸ், போலீஸ், மசித்த உருளைக்கிழங்கு!' அங்கே பிள்ளைகள் போலீஸைப் பார்த்துக் கேலியாகக் கத்தும் ஒரு வரி உண்டு, அதில் கடைசியில் 'பன்றி' என்று வரும். இந்த நாவலில் ஒரு குழந்தை எதைச் சொன்னது என்பதைப் பற்றிக் கிறிஸ்டியான்சன், குவாண்ட் என்ற இரண்டு ரோந்துக் காவலர்கள் அதன் அப்பாவோடு நின்று தகராறு செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பிடிக்க வேண்டிய ஆள் கைநழுவிவிடுகிறான். ஒரு குழந்தையின் உச்சரிப்பால் ஒரு புலனாய்வு வாரக்கணக்கில் நீளுகிறது.

பத்தாவது நாவலில் ரெபெக்கா லிண்ட் என்ற இளம்பெண்மேல் வங்கிக் கொள்ளை வழக்கு நடக்கிறது. அவள் செய்தது என்ன? வங்கியில் தேவைப்படுகிறவர்களுக்குப் பணம் கொடுப்பார்கள் என்று நம்பி, போய்க் கேட்டாள், அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரி, யாரையும் ஏமாற்றத் தெரியாதவள். அவளைக் கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் எப்படிப் பார்க்கின்றன என்பதை அந்தப் பக்கங்களில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதே நாவலில் வரும் வேறொரு சம்பவத்தை 1986க்குப் பிறகு படிக்கிறவர்களுக்கு முதுகு சில்லிடும். அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்த பிரதமர் ஓலோஃப் பால்மேயை ஸ்டாக்ஹோமின் நடுவீதியில் சுட்டுக் கொன்றார்கள். நாவல் வந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திட்டுவீர்கள். ஏழாவது தாண்டிய பிறகு ஆசிரியர்கள் கதைக்குள் நுழைந்து சுவீடிஷ் அரசியலைப் பற்றி நேராகவே பேச ஆரம்பிக்கிறார்கள். சில பத்திகள் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கும். முதல் நான்கில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒரு கிழவரைக் காட்டியே சொல்ல முடிந்த விஷயத்தை, பின்னால் வாய்விட்டுச் சொல்கிறார்கள். கடைசி நாவல் தேவைக்கு மேல் நீளம். இரண்டாவது, பெக் புடாபெஸ்ட் போகும் கதை, மற்றவற்றோடு பார்த்தால் லேசானது. பெண்களின் உடல் ஆசையை 'நோய்' மாதிரி பேசும் அந்தக் காலத்துப் பார்வை நான்காவதில் சில இடங்களில் இருக்கிறது, இன்றைக்குப் படிக்க உறுத்தும். மூன்றாவது, 'தி மேன் ஆன் தி பால்கனி', பூங்காக்களில் குழந்தைகள் கொல்லப்படும் கதை. ஸ்டாக்ஹோமில் நிஜமாக நடந்த கொலைகளை ஒட்டி எழுதியது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரவில் தனியாகப் படிக்க வேண்டாம். ஆனால் குற்றவாளியைப் பிடிக்கும் நூல் முனை கதையின் ஆரம்பத்திலேயே, எல்லோர் கண் முன்னாலும், ஒரு சாதாரண போன் அழைப்பில் இருந்தது என்று தெரியவரும் இடம் இந்த வரிசையிலேயே சிறந்த இடங்களில் ஒன்று. அந்த அழைப்பை அலட்சியமாக எடுத்தவர் நம் குன்வால்ட் லார்சன்.

வாசிக்கும்போது உதவக்கூடிய சில விஷயங்கள். பத்து நாவல்களையும் ஆங்கிலத்தில் ஒருவரே மொழிபெயர்க்கவில்லை. 'ரோசான்னா' லோயிஸ் ராத், நான்காவது ஆலன் பிளேர், கடைசி நாவல் ஜோன் டேட், இப்படி ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரு நாவலிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது குரல் கொஞ்சம் மாறினால் அது உங்கள் பிரமை இல்லை. பிற்காலப் பதிப்புகளில் மற்ற எழுத்தாளர்களின் முன்னுரைகள் இருக்கின்றன. 'ரோசான்னா'வுக்கு ஹென்னிங் மான்கெல், 'தி லாஃபிங் போலீஸ்மேன்'னுக்கு ஜோனதன் ஃபிரான்சன். அவற்றை நாவலை முடித்த பிறகு படியுங்கள். தொலைக்காட்சியில் பீட்டர் ஹாபர் பெக்காக நடித்து 1997இல் தொடங்கிய தொடர் புகழ்பெற்றதுதான், ஆனால் அதில் பெரும்பாலும் புதிதாக எழுதிய கதைகள். பாத்திரங்களின் பெயர் மட்டும் இங்கிருந்து போனது. நாவல்களுக்கு முன்னால் அதைப் பார்த்தால் மனசில் வேறு முகங்கள் உட்கார்ந்துவிடும். பார்த்தே ஆக வேண்டிய படம் ஒன்று இருக்கிறது: ஏழாவது நாவலை வைத்து பூ வீடர்பெரி 1976இல் எடுத்தது. அதையும் நாவலுக்குப் பிறகு.

'தி லாஃபிங் போலீஸ்மேன்' 1971இல், குற்றக் கதைகளுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் எட்கர் விருதைச் சிறந்த நாவலுக்காக வாங்கியது. சிலர் அதனால் அதில் தொடங்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

வடக்கு நாட்டுக்காரர்களுக்குக் குற்றக் கதைமேல் அப்படி என்ன பைத்தியம் என்று நீங்கள் ஓரமாகக் கேட்டிருந்ததற்கும் ஒரு வார்த்தை. நார்வேயில் ஈஸ்டர் விடுமுறை வந்தால் ஊரே குற்றக் கதை படிக்கும். புத்தகக் கடை, வானொலி, தொலைக்காட்சி, பால் அட்டைப்பெட்டியின் முதுகு வரைக்கும் கதைதான். இதற்கு மூலம் 1923இல் வந்த ஒரு விளம்பரம். பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது என்று நாளிதழின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டார்கள். அது வரப்போகும் ஒரு நாவலின் பெயர். செய்தி என்று நினைத்துப் பலர் பதறிப் போனார்கள். சுவீடனின் தெற்கு முனையில் ஈஸ்டாட் என்ற சின்ன ஊருக்குப் போனால், மான்கெல் படைத்த வாலாண்டர் என்ற போலீஸ்காரர் 'குடியிருந்த' மரியாகாத்தான் தெருவைத் தேடி வாசகர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த வாலாண்டரின் களைப்பு, கெட்டுப்போன உடம்பு, முறிந்த கல்யாணம், நாட்டைப் பற்றிய கவலை எல்லாம் பெக்கின் வீட்டிலிருந்து போனவை. மான்கெல் இதை மறைத்தவர் இல்லை. பத்தையும் முடித்த பிறகு கை அரித்தால் அவருடைய வாலாண்டர் நாவல்களுக்குப் போங்கள்.

ஆனால் பத்தை முடித்த பிறகு பதினொன்று கிடையாது என்பதற்கு இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். பேர் வாலோ 1975 ஜூன் 22ஆம் தேதி, 48 வயதில் காலமானார். மாய் ஷோவால் அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்து 2020 ஏப்ரலில் மறைந்தார். தனியாக ஒரு பெக் நாவல்கூட அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் எத்தனை பதிப்பகங்கள் வாசலில் நின்றிருக்கும்! முந்நூறு அத்தியாயம் என்று இருவரும் போட்ட கணக்கு அதோடு முடிந்தது. கடைசி நாவலின் கடைசிக் காட்சியில் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுத்து விளையாட்டு விளையாடுகிறார்கள். வெளியே குளிர், உள்ளே வெளிச்சம். அங்கே யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது பத்து வருடம் கூட நடந்து வந்தவர்களுக்கு மட்டும் புரியும்.

சரி, இப்போதைக்கு 'ரோசான்னா'வுக்குத் திரும்பிப் போங்கள். லிங்கனிலிருந்து தகவல் வருவதற்கு உங்களுக்கு இன்னும் அதிகப் பக்கம் இல்லை. புரொஜெக்டர் ஓடும் அத்தியாயத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதையும் தாண்டிப் பிடிக்கவில்லை என்றால் மேற்கொண்டு வற்புறுத்த மாட்டேன்.